வகுப்பில் உங்கள் பிள்ளைக்கு உதவியாளர் கேட்பது எப்படி?

என் மகன் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது நான் கொடுத்த முதல் மனு இரண்டே வரி. "என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. வகுப்பில் ஓர் உதவியாளர் தேவை." ஹெச்.எம். படித்துவிட்டு, "பார்க்கலாம்மா" என்று டிராயரில் வைத்தார். அதோடு சரி. பிறகுதான் புரிந்தது, யார் எதைச் செய்ய வேண்டும் என்று அந்தத் தாளில் எதுவுமே இல்லை. கடலூர் பக்கம் இதே மனுவை எழுத உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்காக, இரண்டாவது முறை நான் செய்ததைச் சொல்கிறேன்.

1. ஒரு வாரம் குறிப்பெழுதுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வகுப்பு டீச்சரிடம் "இன்னைக்கு எப்படி இருந்தான்?" என்று கேட்டால் "நல்லா இருந்தான்" என்றுதான் பதில் வரும். "சாப்பாட்டு டப்பாவை யார் திறந்து கொடுத்தாங்க?" என்று கேளுங்கள், நடந்தது வெளியே வரும். என் நோட்டிலிருந்து:

செவ்வாய்: பாட்டில் மூடி இறுகிவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. மதியம் வரை தண்ணீர் குடிக்கவில்லை.
புதன்: பெல் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். வெளியே வர 20 நிமிடம்.
வியாழன்: கழிப்பறைக்குப் போகவில்லை. டிரவுசர் நனைந்து வீடு வந்தான்.

2. ஆள் தேவைப்படும் இடங்களைப் பிரியுங்கள்

பாட்டிலை மாற்றினாலே செவ்வாய்க்கிழமைப் பிரச்சினை தீர்ந்தது. பெல்லுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் ஆள் வேண்டியிருந்தது. இப்படிப் பிரித்ததும் "நாள் முழுக்க" என்ற கோரிக்கை, "காலை இடைவேளை, மதிய உணவு, வீட்டுக்குக் கிளம்பும் நேரம்" என்று சுருங்கியது. நாள் முழுக்க ஒட்டியே இருக்கும் ஆளை நான் விரும்பவும் இல்லை. பக்கத்தில் எப்போதும் பெரியவர் இருந்தால் மற்ற பிள்ளைகள் அவனிடம் பேச வருவதில்லை. ஆனால் உங்கள் பிள்ளைக்கு நாள் முழுக்க ஆள் தேவை என்று நோட்டு சொன்னால், தயங்காமல் அதையே கேளுங்கள்.

இன்னொன்று: வட்டார வள மையத்திலிருந்து (வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகம்) வரும் சிறப்பாசிரியர் வேறு, உதவியாளர் வேறு. சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சுற்றி வருபவர். கற்பிக்கும் முறையைச் சொல்லித் தருவார். கழிப்பறைக்குக் கூட்டிப்போக தினமும் இருக்க மாட்டார். எது வேண்டும் என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள்.

3. காகிதங்கள்

மாற்றுத்திறனாளி சான்றிதழ் அல்லது யூ.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), தெரபிஸ்ட் கொடுத்த அறிக்கை, நோட்டுப் பக்கங்களின் ஜெராக்ஸ்.

4. மனு

தலைமை ஆசிரியர் பெயருக்கு, ஒரே பக்கம். நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"என் மகன் பெல் சத்தத்தில் மிரண்டு விடுகிறான். கழிப்பறைக்குத் தனியாகப் போவதில்லை. ஆகவே காலை இடைவேளை, மதிய உணவு, பள்ளி முடியும் நேரம் ஆகிய மூன்று வேளையும் உடனிருக்க ஒருவரை நியமிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16-இன்படி இதைக் கோருகிறேன். இது குறித்துப் பேச ஒரு நாள் ஒதுக்கித் தரவும்."

பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியையும் தனிப்பட்ட ஆதரவையும் பள்ளிகள் தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் அதில் அடங்கும். புதுச்சேரியிலும் இதே சட்டம்தான்.

5. கொடுப்பது

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் "பெறப்பட்டது" என்று எழுதி, தேதி, கையெழுத்து, சீல் வாங்குங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம், சேர்ந்ததற்கான அத்தாட்சி (Proof of Delivery) கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். என் முதல் மனுவுக்கு இந்த அத்தாட்சி இல்லாததால், கொடுத்ததையே என்னால் காட்ட முடியவில்லை.

6. பதில் வராவிட்டால்

இரண்டு வாரம் பாருங்கள். அப்புறம் அதே மனுவின் பிரதியை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வள மையத்துக்கும் கொடுங்கள். அங்கும் நகரவில்லை என்றால், திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். ஒவ்வொரு இடத்திலும் முந்தைய ஒப்புகையின் ஜெராக்ஸைச் சேர்த்துக் கொடுங்கள்.

ஆள் கிடைத்ததும், முதல் நாளே அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள். பெல் அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு வேறு எப்படித் தெரியும்?