உங்கள் மொழியில் எந்த டைப் தானாக மாறலாம்? முதலில் ஒரு அட்டவணை போடுங்கள்

சொந்தமாகக் குட்டி புரோகிராமிங் மொழி எழுதிப் பார்க்கிறவர்கள் எங்கள் பெங்களூர் அல்சூர் சனிக்கிழமைக் கூட்டத்தில் நிறையப் பேர். கோடைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் லெக்ஸர், அந்தத் துண்டுகளை ஒரு மரமாக அடுக்கும் பார்ஸர் வரைக்கும் ஜாலியாகப் போகும். ஒவ்வொரு மதிப்பும் என்ன வகை, அதாவது என்ன டைப், என்று சரிபார்க்கும் டைப் செக்கரில் இன்டிஜரையும் (முழு எண்) ஃப்ளோட்டையும் (தசமப் புள்ளி எண்) கூட்டுகிற இடம் வந்ததும்தான் சண்டை ஆரம்பிக்கும். ஒருவர் தானாக மாற்றாதே, எரர் கொடு என்பார், இன்னொருவர் "யூசர் பாவம்டா மச்சி, எல்லாத்தையும் அவனே எழுதணுமா?" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தந்த நேரத்துக்குத் தோன்றியபடி முடிவெடுத்துக்கொண்டே போனால் கடைசியில் மொழியை எழுதியவருக்கே அதன் விதி ஞாபகம் இருக்காது. அதனால் கோடில் கை வைக்கும் முன் எல்லா டைப்பையும் மேலே ஒரு வரிசை, இடப்பக்கம் ஒரு வரிசை எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: எந்த மதிப்பைக் கொடுத்தாலும் சேதாரம் இல்லாமல் போய்ச் சேருமா? 32 பிட் இன்டிஜர் 64 பிட் இன்டிஜராக மாறினால் சேரும். 32 பிட் இன்டிஜர் 64 பிட் ஃப்ளோட்டாக மாறினாலும் சேரும், அதில் 53 பிட் துல்லியம் இருக்கிறது. 32 பிட் ஃப்ளோட்டில் அவ்வளவு இல்லை, 24 பிட்தான், அதனால் 16777217 என்று உள்ளே போனது 16777216 என்று வெளியே வரும். ஜாவா இதைச் சத்தமே இல்லாமல் அனுமதிக்கிறது. பெரிய டைப்புக்குத்தானே போகிறோம் என்று ஏமாறுகிற இடம் இதுதான். சைன்டு (மைனஸும் வரலாம்), அன்சைன்டு (மைனஸே கிடையாது) கலப்பும் அப்படித்தான். சி மொழியில் -1ஐ அன்சைன்டு 1உடன் ஒப்பிட்டால், 32 பிட் இன்ட்டில் அந்த -1 முதலில் 4294967295 ஆகிவிடும், அப்புறம் -1தான் பெரியது என்று பதில் வரும். ஒரே அகலத்தில் இருக்கும் இந்த இரண்டில் எதுவும் மற்றதை முழுசாக அடக்காது, ஆகவே அந்தக் கட்டத்தில் எரர் என்று எழுதிவிட்டு நகருங்கள்.

இரண்டாவது கேள்வி: மாறிய பிறகும் அது அதே பொருள்தானா? பெங்களூரின் எஸ்டிடி கோடு 080. ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்து வரிசையாக, இருக்கும்வரை பிரச்சினை இல்லை, எண்ணாக மாற்றினால் வெறும் 80, பழைய பிரவுசர்களில் ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டிடம் கொடுத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைப் பார்த்து ஆக்டல் (0 முதல் 7 வரை மட்டும் உள்ள எண்முறை) என்று நினைத்து, அதில் 8 இல்லாததால் 0 என்றே தந்துவிடும். ஸ்ட்ரிங்குக்கும் எண்ணுக்கும் நடுவே தானாக மாற்றமே வேண்டாம் என்பது என் கட்சி. வேண்டும் என்று அடம்பிடித்தால், ஆபரேட்டரையாவது பிரித்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் "5" + 3 என்றால் "53", "5" - 3 என்றால் 2. கூட்டலுக்கும் ஒட்டுவதற்கும் ஒரே குறி வைத்ததால் வந்த வினை. லுவாவும் ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும், ஆனால் ஒட்டுவதற்கு இரட்டைப் புள்ளி தனியாக இருப்பதால் "10" + 1 என்றால் 11தான், குழப்பமில்லை.

சமம் பார்க்கும் == பக்கம் மட்டும் இந்த மாற்றத்தை விடவே விடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் "" == 0 உண்மை, 0 == "0" உண்மை, ஆனால் "" == "0" பொய். பிஎச்பியில் 0 == "abc" போன்ற ஒப்பீடு, அதாவது பூஜ்யத்தோடு எந்தச் சொல்லை ஒப்பிட்டாலும், உண்மை என்றே வந்துகொண்டிருந்தது; 2020இல் வந்த எட்டாவது பதிப்பில்தான் சரி செய்தார்கள்.

சரி, யூசர் பாவம் என்ற வாதத்துக்கு என்ன பதில்? கோ மொழியைப் பாருங்கள். அங்கே இரண்டு வேறு எண் டைப் வேரியபிள்களைக் கூட்டவே முடியாது, இன்ட்டும் இன்ட்32உம்கூடச் சேராது. ஆனால் கோடில் நேராக எழுதும் 3 என்ற எண்ணுக்கு டைப்பை முதலிலேயே கட்டிவிடுவதில்லை, ஃப்ளோட் இருக்கும் இடத்தில் வந்தால் ஃப்ளோட்டாக இருந்துகொள்ளும். இதை மட்டும் செய்தாலே பாதிப் புலம்பல் அடங்கிவிடும்.

ரூபாய், பைசா இரண்டும் இன்டிஜர் என்பதற்காக ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகலாமா? டைப்ஸ்கிரிப்ட் மாதிரி அமைப்பு ஒத்தால் போதும் என்று வைத்தால் போகும், ஜாவா மாதிரி பெயர் பார்த்தால் போகாது. பணம் சம்பந்தப்பட்டால் பெயர் பாருங்கள்.

கம்பைலருக்குள் இந்த அட்டவணை ஒரே ஒரு ஃபங்ஷனில் இருக்கட்டும். மாற்றம் தேவை என்று டைப் செக்கர் கண்டுபிடித்தால், பார்ஸர் கட்டிய மரத்தில் அந்த இடத்தில் மாற்றத்தைச் செய்யும் ஒரு நோடைச் (கணுவை) செருகிவிட வேண்டும், அதற்குப் பின்னால் வரும், இயங்கும் கோடை எழுதித் தரும் கோடு ஜெனரேட்டர் எல்லா டைப்பும் பொருந்தியிருக்கிறது என்று நம்பி வேலை செய்யலாம். ஒன்று இன்னொன்றாகி, அது மூன்றாவதாகும் சங்கிலி மாற்றம் வேண்டாம். சி++இலேயே யூசர் எழுதிய மாற்றம் ஒன்றுக்கு மேல் தானாக நடக்காது.

யூசரே கைப்பட எழுதும் மாற்றத்துக்கு இரண்டு வழி கொடுங்கள், ஒன்று வெட்டிப் போடுவது, ஒன்று முடியாது என்று சொல்வது. ரஸ்டில் 32 பிட் வேரியபிளில் இருக்கும் 300ஐ 'ஆஸ்' போட்டு 8 பிட் அன்சைன்டாக்கினால் 44 வரும், ட்ரைஃப்ரம் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் எரர் வரும். வெளிப்படையாக எழுத வைத்தால் மட்டும் போதாது: 1996 ஜூன் 4 அன்று வெடித்துச் சிதறிய ஏரியான் 5 ராக்கெட்டின் கோடு ஏடா மொழியில் எழுதியது, 64 பிட் ஃப்ளோட்டை 16 பிட் இன்டிஜராக்கும் வரியை ஒருவர் தெரிந்தேதான் எழுதியிருந்தார், மதிப்பு அடங்காமல் கிளம்பிய எக்ஸெப்ஷனை (ஓடும்போது வரும் எரரை) பிடிக்கத்தான் யாரும் இல்லை. ஆகவே முடியாது என்று சொல்லும் வழிக்குச் சின்னப் பெயர் வையுங்கள், வெட்டும் வழிக்கு நீளமான பெயர். எரர் மெசேஜிலும் "டைப் பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள், காப்பி பேஸ்ட் பண்ணிக்கொள்வார்கள்.