தோழி கவுன்: பிடிக்கவும் பிரிக்கவும் இடம் பார்த்து சைஸ் எடுப்பது

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து கிறிஸ்தவ ஆலயக் கல்யாணங்களில் மணப்பெண்ணோடு தோழிகளும் ஒரே நிறக் கவுனில் நிற்பதைப் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்கினாலும் திருவனந்தபுரம் போய் எடுத்தாலும், ரெடிமேட் கவுன் எல்லாருக்கும் அப்படியே பொருந்திவிடாது. எப்படியும் தையல்காரர் கைக்குப் போகும். எங்கே பிடித்துச் சிறிதாக்குவார், எங்கே பிரித்துப் பெரிதாக்குவார் என்பதை சைஸ் பார்க்கும்போதே யோசித்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

முதலில் அளவு. கவுனுக்குள் போடப்போகும் பிராவையே போட்டுக்கொண்டு மார்பு, இடுப்பு, ஹிப் (இடுப்புக்குக் கீழே அகலமான இடம்), ஷோல்டர் நான்கையும் எடுங்கள். அன்றைக்குப் போடப்போகும் செருப்போடு நின்று, கழுத்துக்குழியிலிருந்து தரை வரை ஒரு அளவு. டேப்பை இறுக்கக் கூடாது. ஒரு விரல் உள்ளே போக வேண்டும். பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவில்தான் தப்பு அதிகம் வரும். போன வருஷத்து அளவை நினைவிலிருந்து எழுதுவார்கள், அல்லது அங்குலமும் சென்டிமீட்டரும் கலந்துவிடும். வீடியோ காலில் டேப்பைக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

அடுத்து சைஸ் சார்ட். அதில் இருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா என்று பாருங்கள். துணியின் அளவு 38 என்றால், இழுபடாத துணியில் மூச்சுவிட 2 அங்குலம் கழித்து, அது 36 மார்புக்கான கவுன். இந்த ஒன்றைக் கவனிக்காமல்தான் பலர் ஒரு சைஸ் சிறியதாக எடுத்துவிடுகிறார்கள்.

ரெடிமேட் கவுனைப் பெரிதாக்க வழி மிகக் குறைவு. பக்கத் தையலுக்குள் அரை அங்குலம் துணி விட்டிருந்தால், பிரியாமலிருக்கக் கால் அங்குலமாவது உள்ளே வேண்டும்; மிச்சம் கால் அங்குலம். இரண்டு பக்கமும் முன்துணி, பின்துணி என நான்கு ஓரங்கள் சேர்ந்து மொத்தம் ஒரு அங்குலம்தான் கிடைக்கும். ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் நூல் சுற்றும் தையல்) அடித்து ஓரத்தை ஒட்ட வெட்டியிருந்தால் அதுவும் இல்லை. கடையில் எடுப்பதானால் கவுனை உள்பக்கம் திருப்பி இதைப் பார்த்துவிடுங்கள். லைனிங்கிலும் அதே அளவு துணி இருக்க வேண்டும். மேல்துணியை மட்டும் பிரித்துப் பயனில்லை.

“பெரிய அளவுக்கு எடு, பிடித்துக்கொள்ளலாம்” என்பார்கள். பாதிதான் சரி. பிடிப்பதற்கு எளிய இடம் இடுப்பு. ஷோல்டரும் கைக்குழியும் கஷ்டமான இடங்கள்; அங்கே கை வைத்தால் கழுத்து, டார்ட் (உடம்பு வளைவுக்காக மடித்துத் தைத்த கூர்மடிப்பு), ஜிப் எல்லாம் நகரும், கூலியும் ஏறும். இடுப்பிலிருந்து விரியும் கவுனுக்கு ஹிப் அளவைப் பார்க்கவே வேண்டாம். உடம்போடு ஒட்டி இறங்கும் மாடலுக்கு ஹிப்தான் முதலில்.

விரியும் கவுன் எடுக்கும் ஒரு தோழிக்கு மார்பு 36, இடுப்பு 33, ஹிப் 41 என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பளவு சார்ட்டில் எல் சைஸ் 38-32-41, எக்ஸ்எல் 40-34-43. இடுப்பை நம்பி எக்ஸ்எல் எடுத்தால் மார்பில் 4 அங்குலம் பிடிக்க வேண்டும். கைக்குழி கோணும், முன்பக்க டார்ட் இடம் மாறி நிற்கும். எல் எடுத்து இடுப்பில் ஒரு அங்குலம் பிரித்து, மார்பில் பக்கத்துக்கு ஒரு அங்குலம் பிடிப்பதே நல்லது. உள்ளே விட்ட துணி இருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும். இல்லையென்றால் எக்ஸ்எல்தான், அல்லது முதுகு ஜிப்பை எடுத்துவிட்டுக் கயிறு கட்டும் மாடலாக மாற்றலாம். அதில் இரண்டு மூன்று அங்குலம் கிடைக்கும்.

சாட்டினில் பிரித்த இடத்தில் ஊசித்துளை தெரியும், பழைய மடிப்புக் கோடும் எளிதில் போகாது. ஆகவே சாட்டின் என்றால் பிரிக்கும் யோசனையே வேண்டாம், பெரியதாகவே எடுங்கள். ஜார்ஜெட், ஷிஃபான் இவ்விஷயத்தில் கொஞ்சம் மன்னிக்கும். நம்மூர்ப் புழுக்கத்தில் பாலியஸ்டர் லைனிங் வியர்வையில் ஒட்டும். கச்சிதம் என்று ரொம்பப் பிடிக்க விடாதீர்கள்.

கை இல்லாத கவுனுக்குச் சில ஆலயங்களில் அனுமதி இருக்காது. முன்பே விசாரித்துவிட்டு, கை வைக்க வேண்டுமென்றால் நீளமான கவுனாக வாங்குங்கள். கீழே வெட்டும் துணியில் சின்னக் கை வைத்துவிடலாம். எல்லாக் கவுனையும் ஒரே ஆர்டரில் போடுவதும் முக்கியம், பிறகு வாங்குவது நிறத்தில் ஒரு சாயல் மாறி வரலாம்.

உயரத்தைத் தரையிலிருந்து மேல்நோக்கி அளக்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் முன்பக்கம் தரைக்கு முக்கால் அங்குலம் மேலே நின்றால் போட்டோவில் ஒரே கோடாக வரும். லைனிங் அதைவிட ஒரு அங்குலம் குட்டையாக இருக்கட்டும். வட்டமாக வெட்டிய ஷிஃபானை ஒரு நாள் தொங்கவிட்ட பிறகே மடிப்பு அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஓரம் ஏறி இறங்கும். ஓரத்தில் லேஸோ மணி வேலையோ இருந்தால் கீழே வெட்ட முடியாது, இடுப்புத் தையலைப் பிரித்து அங்கேதான் குறைக்க வேண்டும். குள்ளமான தோழிக்கு அந்த மாடலே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இரண்டு மாதம் முன்பே வாங்கி, போட்டுப் பார்க்கும்வரை டேக்கைக் கழற்றாதீர்கள். ஒரு மாதம் இருக்கும்போது முதல் ஃபிட்டிங், பத்து நாள் இருக்கும்போது கடைசி ஃபிட்டிங். கிறிஸ்துமஸை ஒட்டிய கல்யாணம் என்றால் இன்னும் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள், அப்போது தையல்கடைகளில் துணி மலைபோலக் கிடக்கும். கடைசி ஃபிட்டிங்கில் செருப்போடு நடந்து, கையைத் தூக்கி, முழங்கால்படியிட்டு எழுந்து பாருங்கள். எழும்போது முன்ஓரம் காலில் மாட்டினால் இன்னும் அரை அங்குலம் தூக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குத் தூக்கினால் மற்றவர்களுக்கும் தூக்க வேண்டும்.