செங்கோட்டைப் பக்கம் சிறு தொழிற்கூடம் வாங்குமுன் மதிப்பிடும் முறை

செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் ஒரு மரஅறுவை மில்லோ சிறு கிடங்கோ விலைக்கு வரும்போது, பெரும்பாலோர் முதலில் கொட்டகையைத்தான் சுற்றிப் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். கொட்டகையைப் பிரித்துத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். பத்திரமும் பாதையும் மின் இணைப்பும் கோணலாக இருந்தால் அவற்றை நேராக்குவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

இங்குள்ள பத்திரங்களுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தது என்பதால், தாய்ப்பத்திரம் மலையாளத்தில், கொல்லம் என்னும் மலையாள ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கக் கூடும்; கொல்லம் 1100 என்றிருந்தால் அது 1924-25 ஆகும். மலையாளம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரிடம் கொடுத்து, சுருக்கமாக அல்லாமல் வரிக்கு வரி படிக்கச் சொல்லி, நான்கெல்லையையும் பழைய சர்வே எண்ணையும் இன்றைய பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றும் அவசியம். பிறகு நில அளவையரை அழைத்து அளக்க வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 20 சென்ட் என்று சொல்லப்படும் இடத்தில் 8,712 சதுர அடி உண்மையிலேயே வேலிக்குள் இருக்கிறதா என்பதை நாடாதான் சொல்லும்.

பாதை விஷயத்தில் நானே ஒருமுறை இழந்திருக்கிறேன். லாரி தாராளமாகப் போய்வந்த தடத்தைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டேன். அது முன்புற நிலத்துக்காரர் வாய்மொழியாக விட்டுக்கொடுத்த வழி என்பதும், புலப்படத்தில் அப்படியொரு பாதையே இல்லை என்பதும் அவர் கல்லுக்கால் நட்ட பிறகுதான் தெரிந்தது. ஆகவே பாதை உரிமை எத்தனை அடி அகலம் என்பது வரை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தடி ஏற்றிய பத்துச் சக்கர லாரி ஒன்றை வரவழைத்து, அது நுழைந்து, இறக்கி, திரும்பி வெளியேறுவதைக் கண்ணால் பாருங்கள். கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையை ஒட்டிய இடமாக இருந்தால், சாலை விரிவாக்கத்துக்காக நட்ட எல்லைக் கல் முகப்பை எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்து, அந்தச் சென்ட்டுகளைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

மும்முனை இணைப்பு யார் பெயரில், எத்தனை குதிரைத்திறனுக்கு இருக்கிறது, நிலுவை எவ்வளவு என்பதை மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். பழைய உரிமையாளர் வைத்த நிலுவையைக் கட்டினால்தான் இணைப்பு தருவோம் என்று மின் வழங்குநர் நிபந்தனை விதிக்கலாம் என 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கு அது. மரஅறுவை மில்லாக இருந்தால் வனத்துறை உரிமம்தான் உயிர்நாடி. காட்டுமரம் குறித்து 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து இந்தத் தொழிலில் கட்டுப்பாடு கடுமையானது. இயந்திரத்தோடு சேர்த்து விற்கிறேன் என்பவரிடம், உரிமம் நடப்பில் இருக்கிறதா, உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை வனத்துறையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், ‘ஓடுகிற மில்’ என்ற விலையைக் கொடுக்கக் கூடாது. கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில், அதாவது கட்டடம் கட்டத் தனி அனுமதி தேவைப்படும் கிராமங்களின் பட்டியலில், வருகிறதா என்பதையும் விசாரியுங்கள்.

இனி கொட்டகை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து அடிக்கிற ஆனி, ஆடியில் பார்ப்பதே உத்தமம். முடியாவிட்டால், உச்சிவெயிலில் கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள்: தகட்டில் கொக்கி போல்ட் இறங்கும் இடங்களில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால், அடுத்த சாரலில் தண்ணீர் அங்கேதான் இறங்கும். சுவரடியில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவுக்கு ஈரம் ஏறியிருக்கிறது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரென்றால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

விலையை முடிவு செய்ய, பத்திரப் பதிவுக்காக அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு மட்டும் போதாது. அருகில் அண்மையில் பதிவான கிரயங்களையும் வாடகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதம் 25,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 3,00,000; ஒரு மாதம் காலியாகக் கிடப்பதற்கு 25,000, வரிக்கும் பழுதுக்கும் 35,000 கழித்தால் மிஞ்சுவது 2,40,000. நூற்றுக்கு எட்டு வரவு போதுமென்றால் 30 லட்சம் வரை போகலாம்; பத்து வேண்டுமென்றால் 24 லட்சத்தில் நின்றுவிட வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இதற்கு மேல்.

விலை படிந்ததும், மின் நிலுவை தீர்ப்பது, பாதையை எழுதித் தருவது, உரிமம் மாற்றுவது ஆகிய மூன்றையும் விற்பவர் முடிக்க வேண்டிய வேலைகளாக, நாள் குறிப்பிட்டுக் கிரய உடன்படிக்கையில் எழுதி, அதைப் பதிவு செய்த பிறகே முன்பணத்தைக் கொடுங்கள்.