மாசி மாதம் தேன் பெட்டி பார்க்கப் போவது எப்படி? மார்த்தாண்டம் பக்கம் முதல் முறை வருபவர்களுக்கு

மாசி மாதம் காலை எட்டரை மணி வாக்கில் அருமனைப் பக்கம் ஏதாவது ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் போய் நின்று பாருங்கள். கண்ணில் படுகிற மாதிரி ஒரு பூ இருக்காது, ஆனால் தலைக்கு மேலே அத்தனை மரமும் ரீங்காரம் போடும். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் கன்னியாகுமரியில் சூரிய உதயம், திற்பரப்பில் ஒரு குளியல், மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நாலு போட்டோ என்று முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போகிற வழியெல்லாம் ரப்பர் மரத்தடியில் கால் வைத்த சின்னச் சின்ன மரப்பெட்டிகள் நிற்பதைப் பார்த்தும் இருப்பார்கள். அந்தப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் தாய்மாமா இருபது வருடத்துக்கு மேல் தேன் பெட்டி வைத்திருக்கிறார், நானும் சின்ன வயதிலிருந்து அவர் கூடப் போகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், எப்போது வருவது

இதில் தவறினால் மற்றது எதுவும் பயன்படாது. ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலையை மொத்தமாக உதிர்க்கும். அப்புறம் செம்புநிறத்தில் கொழுந்து விடும். ரப்பர் இலை மூன்று சிற்றிலையாக இருக்கும், அந்த மூன்றும் காம்பில் வந்து சேரும் இடத்தில் குட்டி குட்டிச் சுரப்பிகள் உண்டு. இலை இளசாக இருக்கும் கொஞ்ச நாளைக்கு அந்தச் சுரப்பியில் இனிப்பு நீர் கசியும். மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு இப்படி இலைக்காம்பிலிருந்து வருவதுதான். ரப்பருக்கும் பூ உண்டு, பொடிப் பொடியாக மஞ்சளாகப் பூக்கும், ஆனால் தேனீக்கு விருந்து வைப்பது கொழுந்துதான். தோட்டத்தில் தாழ்ந்த கிளை ஒன்று கிடைத்தால் அந்த இடத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். முதல் தடவை நான் அப்படிச் செய்தபோது எனக்கு ஒன்பது வயது, அந்தத் தித்திப்பு இன்னும் மறக்கவில்லை.

ஆக, தை கடைசியிலிருந்து பங்குனி வரைதான் காலம். கொழுந்து விடும் நாள் தோட்டத்துக்குத் தோட்டம், மழையைப் பொறுத்து, முன்னே பின்னே ஆகும். அதனால் ரயில் டிக்கெட் போடுவதற்கு முன் பெட்டிக்காரரிடம் பேசிவிடுங்கள்.

யாரிடம் கேட்பது

கேட்காமல் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள். பெட்டி ஒருவருடையது, நிலம் இன்னொருவருடையது என்பதுதான் இங்கே பெரும்பாலும் வழக்கம். தேன்காரர்கள் தோட்டக்காரரிடம் பேசி வைத்துப் பெட்டியைக் கொண்டுபோய் இறக்குவார்கள், காலம் பார்த்துக் கேரளாவுக்குக்கூட ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எனவே இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். கீரிப்பாறை, சிற்றாறு பக்கம் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன, அங்கே அனுமதி இல்லாமல் போகவே கூடாது, யானை நடமாட்டமும் உண்டு.

ஆள் தெரியாதவர்கள் மார்த்தாண்டத்திலிருந்து தொடங்கலாம். தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே 1937-லிருந்து இருக்கிறது. அதற்கும் முன்னால், 1920-களில், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மறுசீரமைப்பு மையத்தை நடத்தினார், பெட்டியில் தேனீ வளர்ப்பது இந்தப் பக்கம் பரவியதில் அந்த மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஊரில் தேன் விற்கிற கடையில் விசாரித்தாலே பெட்டி வைத்திருக்கும் ஒருவரைக் காட்டிவிடுவார்கள். பேசும்போது எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அறுவடைக் காலத்தில் அவருக்கு ஒரு காலைப் பொழுது என்பது கூலி, அதனால் என்ன கொடுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். “பார்க்கத்தானே வந்தோம், இதுக்குப் போய் காசா” என்று அங்கே போய் நின்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

எப்படி வருவது, என்ன போட்டுக்கொள்வது

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் சுமார் 30 கிலோமீட்டர். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் உண்டு, ரயிலில் வந்தால் குழித்துறையில் இறங்கலாம். அங்கிருந்து அருமனை, குலசேகரம் பக்கமெல்லாம் டவுன் பஸ் ஓடுகிறது.

உடை விஷயத்தில் கவனம் வேண்டும். வெளிர் நிறப் பருத்திச் சட்டை, முழுக்கை, முழுக்கால் பேன்ட், மூடிய செருப்பு அல்லது ஷூ. கறுப்பும் கம்பளியும் வேண்டாம். செண்ட், வாசனை எண்ணெய், தலையில் மல்லிகைப்பூ எதுவும் வேண்டாம், பூச்சந்தை இருக்கும் தோவாளை வழியாக வருகிறவர்கள் பூவை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முக்கியமாக ஒன்று: தோட்டத்துக்குப் போகும் முன் வாழைப்பழம் சாப்பிடாதீர்கள். எங்கள் ஊர் மட்டிப்பழத்தை விட்டுவிட்டு இருப்பது கஷ்டம்தான், திரும்பி வந்து சாப்பிடுங்கள். தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களை உஷார்ப்படுத்த ஒரு வாசனையை விடும், வாழைப்பழ வாசனையில் இருக்கும் அதே பொருள் அதிலும் இருக்கிறது.

தேனீ கொட்டி முன்பு எப்போதாவது மூச்சுத்திணறல், உடம்பெல்லாம் தடிப்பு என்று வந்தவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். இதில் தைரியம் காட்ட எதுவும் இல்லை.

பெட்டி முன்னால்

முதலில் எங்கே நிற்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் வாசலுக்கு நேரே நின்றால் தேனீ போகிற வருகிற வழியை மறிக்கிறீர்கள். மாமா யார் வந்தாலும் முதலில் சொல்வது இதைத்தான்: “மக்களே, பெட்டிக்க முன்னால நிக்காத, பக்கத்துல வந்து நில்லு.” கையை ஆட்டாதீர்கள், தேனீ முகத்தில் வந்து உட்கார்ந்தாலும் தட்டாதீர்கள், ஓடவும் கூடாது. மெதுவாக நாலு அடி பின்னால் போனால் போதும்.

இங்கே வளர்ப்பது பெரும்பாலும் நம் இந்தியத் தேனீ, மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டுகிற அதே இனம். பெட்டி நியூட்டன் பெட்டி. நூறு வருடத்துக்கு முன் திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார் நம் சின்னத் தேனீக்கு ஏற்ற அளவில் வடிவமைத்தது. கால்களுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய கிண்ணம் இருக்கும், எறும்பு ஏறாமல் இருக்க. அடிப்பலகை, அதற்கு மேல் அடை கட்டுவதற்கு ஏழு மரச்சட்டம் வைத்த புழு அறை, அதற்கு மேல் தேன் அறை, கடைசியில் மூடி. கீழ் அறையில்தான் ராணி முட்டை வைக்கும், குஞ்சுகள் வளரும். அங்கிருக்கும் தேனில் நல்ல தேன்காரர் கை வைக்க மாட்டார், அது தேனீக்களுடைய சாப்பாடு. மேல் அறைத் தேன் மட்டும்தான் நமக்கு.

மூடியைத் திறக்கும் முன் காய்ந்த கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, புகைப்பானில் வைத்து லேசாகப் புகை காட்டுவார். புகை பட்டதும் தேனீக்கள் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு சாந்தமாகிவிடும். பெட்டி அசைந்தால் உள்ளே இருந்து ‘உஸ்ஸ்’ என்று ஒரே சத்தம் வரும், பயப்படாதீர்கள், அது இந்த இனத்தின் வழக்கம். சட்டத்தைத் தூக்கிக் காட்டும்போது அவசரப்படாமல் பாருங்கள். மூடிய அறைகள், மூடாத அறைகள், மஞ்சளும் ஆரஞ்சுமாக மகரந்தம் அடைத்த அறைகள். ராணியை எல்லோருக்கும் பார்க்க ஆசை இருக்கும். வயிறு நீண்டு, நிறம் கறுத்து, சுற்றிலும் வேலைக்காரத் தேனீக்கள் அதைப் பார்த்தபடி நிற்கும். கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம், படவில்லை என்றால் ‘தேடிக் காட்டுங்கள்’ என்று வற்புறுத்தாதீர்கள், சட்டத்தைத் திரும்பத் திரும்பத் தூக்கினால் ராணி நசுங்கிப் போகலாம், ராணி போனால் அந்தக் குடும்பமே தடுமாறும்.

1991, 92 வாக்கில் இந்த மாவட்டத்துத் தேன்காரர்களிடம் பேசியிருந்தால் இதன் வலி புரிந்திருக்கும். தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் புழுக்களைத் தாக்கியது, இந்தியத் தேனீக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டுப் பலர் கூலி வேலைக்குப் போனார்கள். தாக்குப்பிடித்த கொஞ்சக் குடும்பங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கித்தான் மறுபடி பெட்டிகள் நிறைந்தன. நீங்கள் எட்டிப் பார்க்கும் பெட்டிக்குப் பின்னால் அந்தக் கதை இருக்கிறது, அதனால்தான் மெதுவாகத் தொடுங்கள் என்கிறேன்.

தேன் எடுப்பது

அடையின் அறைகளை முக்கால்வாசிக்கு மேல் தேனீ மெழுகால் மூடிவிட்டால் தேன் முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். கத்தியால் அந்த மெழுகு மூடியைச் சீவி, சட்டத்தோடு டின் மாதிரி இருக்கும் எந்திரத்தில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றுவார்கள். சுழற்சியில் தேன் மட்டும் சிதறி வழியும், அடை முழுசாக இருக்கும், அதைத் திருப்பிப் பெட்டியில் வைத்துவிடலாம். கைப்பிடியைச் சுற்ற உங்களுக்கும் ஒரு வாய்ப்புக் கேளுங்கள், ஆனால் மெதுவாக ஆரம்பியுங்கள், வேகமாகச் சுற்றினால் அடை உடையும். சீவி எடுத்த மெழுகுத்துண்டை வாயில் போட்டு மெல்லுங்கள், வெதுவெதுப்பாக, ரப்பர் தோட்டத்துக் காலை வெயிலோடு சேர்ந்து ஒரு ருசி இருக்கும், பாட்டிலில் அது வராது.

கொட்டிவிட்டால்

ஒன்றிரண்டு கொட்டு சாதாரணம். கொடுக்கு தோலிலேயே நிற்கும், விஷப்பை அதோடு சேர்ந்து துடித்துக்கொண்டிருக்கும், உடனே நகத்தால் வழித்து எடுங்கள், தாமதிக்கத் தாமதிக்க விஷம் உள்ளே இறங்கும். பிறகு அந்த இடத்தைக் கழுவி, ஐஸ் வைக்கலாம். முகம், உதடு வீங்குவது, மூச்சு வாங்குவது, தலைசுற்றுவது என்று ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாங்கிக்கொண்டு போகும்போது

தோட்டத்திலேயே வாங்குவது நல்லது. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அடியில் சர்க்கரை மாதிரி படியும். இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் கலப்படம் என்று சண்டைக்கு வருகிறார்கள். தேனில் இருக்கும் குளுக்கோஸ் படிகமாவது அது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இளகிவிடும், அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, பேப்பரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது போன்ற சோதனைகளை நம்பி ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனையும் நாக்கில் தடவாதீர்கள், பாட்டி சொன்னாலும் சரி, குழந்தையின் குடலுக்கு அதிலிருக்கும் கிருமி ஆபத்து.

முடிந்தால் ஆடியிலும் ஒருமுறை வாருங்கள்

எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆடியில் தோட்டம் நனைந்து கிடக்கும், தேனீக்கு வெளியே ஒன்றும் கிடைக்காது. அப்போது மாமா சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, சிரட்டையில், அதாவது கொட்டாங்குச்சியில், ஊற்றி, தேனீ மூழ்கிவிடாமல் இருக்க ஒரு குச்சியும் போட்டுப் பெட்டிக்குள் வைப்பார். முன்பு ஒருவர் இதைப் பார்த்துவிட்டு “சர்க்கரைத் தண்ணி கொடுத்துத்தான் தேன் எடுக்கிறார்கள்” என்று வீடியோ எடுத்துப் போட்டார், மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த மாதங்களில் அவர் ஒரு சொட்டுத் தேனும் எடுப்பதில்லை, மாசி வரைக்கும் குடும்பம் சாகாமல் இருக்கத்தான் அந்தச் சிரட்டை. கொழுந்து விடத் தொடங்கியதும் அதை எடுத்துவிடுவார். ஆடியில் வந்தால் கொடுக்க ஒன்றும் இருக்காது, மழைக்கு மூடியின் மேல் கட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைத் தூக்கி உள்ளே ஒரு எட்டுப் பார்க்கலாம், அப்புறம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டே அவரிடம் பேசிக்கொண்டிருக்கலாம். அவருக்கு நேரம் இருக்கிற மாதம் அதுதான்.