டிரெய்லர் மாட்டிய டீசல் வேன்: மைலேஜ் சரிந்தால்

டிரெய்லர் இழுத்தால் மைலேஜ் குறையும்தான். திடீரென்று சரிந்தால், இன்ஜினைப் பிரிக்கும் முன் டிரெய்லர் சக்கரங்களைப் பாருங்கள். வேலூரிலிருந்து ஆம்பூர் வரை ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓரங்கட்டி, ஒவ்வொரு ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனேன். இடதுபக்கம் மட்டும் அனல். ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் அரைச் சுற்றிலேயே நின்றது. பிரேக்கை விட்டதும் ஷூவைப் பின்னுக்கு இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்து, பிரேக் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்பிரிங்கை இரு பக்கமும் மாற்றி, சக்கரம் தடையின்றிச் சுற்றும்வரை, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி வைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தினேன். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, புது கிரீஸை விரலால் அழுத்தி நிரப்பியதும் சக்கரத்திலிருந்து வந்த உறுமலும் போயிற்று.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். நம்மூர் வெயிலில் ஓடிய டயர் கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பி இறக்கினால் மறுநாள் காற்று குறைந்திருக்கும். மைலேஜுக்கு வேகமும் முக்கியம்: மணிக்கு 80 கி.மீ.-லிருந்து 60-க்கு இறங்கினால், வண்டியை எதிர்க்கும் காற்றுத்தடை ஏறக்குறைய 44 சதவீதம் குறையும்.