லாங்ஆர்ம் குவில்டிங் மெஷின்: முதல் போர்வையை ஏற்றித் தைப்பது எப்படி

மேல்துணி, நடுவில் பேட்டிங் என்ற பஞ்சுப் படலம், அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வைதான் குவில்ட்; அப்படிச் சேர்த்துத் தைக்கும் பெரிய மெஷின் லாங்ஆர்ம். வீட்டுத் தையல் மெஷினில் அடியிலுள்ள பல் துணியை நகர்த்தும், ஊசி ஒரே இடத்தில் இறங்கி ஏறும். லாங்ஆர்மில் துணி ஃபிரேமில் விரிந்தபடி நிற்கும். மெஷின் ஒரு சக்கர வண்டியில் ஏறி, ரெயில்கள் மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடும். அதை ஓட்டுவது உங்கள் கை. ஊசிக்கும் மெஷினின் பின்கழுத்துக்கும் இடையே வீட்டு மெஷினில் 6 முதல் 11 அங்குலம் இருக்கும். லாங்ஆர்மில் பெரும்பாலும் 18 முதல் 26 அங்குலம். ஃபிரேம் 8 முதல் 12 அடி நீளம்.

புதிதாக வருபவர்களின் கவலையெல்லாம் டிசைனைப் பற்றியே இருக்கிறது. டிசைன் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். நூல் அறுவதும், தையல் விடுபடுவதும், அடித்துணி மடிந்து போவதும் பெரும்பாலும் துணியை ஏற்றிய விதத்திலும் டென்ஷனிலும் (நூலின் இறுக்கத்திலும்)தான் தொடங்குகின்றன. முதல் நாள் முழுவதையும் இந்த இரண்டுக்கே கொடுங்கள்.

மெஷின் வாங்கித்தான் கற்க வேண்டும் என்பதில்லை. இந்தக் கலை வேரூன்றிய அமெரிக்காவில் (மிசௌரியின் கேமில், அயோவாவின் ஏபிக்யூஎஸ், யூட்டாவின் ஹேண்டி குவில்டர் என்ற லாங்ஆர்ம் தயாரிப்பு நிறுவனங்கள் எல்லாம் அங்கேதான்) பல குவில்ட் கடைகள், ஒரு பயிற்சி வகுப்பு முடித்தவர்களுக்கு மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. விலை பல ஆயிரம் டாலர் என்பதால், வாடகையில் இரண்டு மூன்று போர்வைகளாவது முடித்துவிட்டு வாங்குவதே நல்லது.

துணிக் கணக்கு

50 × 65 அங்குலப் போர்வையை எடுத்துக்கொள்வோம். அடித்துணியும் நடுவில் வைக்கும் பேட்டிங்கும் நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, அதாவது 58 × 73 அங்குலம் வேண்டும். இந்தக் கூடுதல் துணியில்தான் பக்கக் கிளிப்புகளும் குண்டூசிகளும் பிடிக்கும்; டென்ஷன் சோதனையும் அங்கேதான் செய்வோம். குறைத்துவிட்டால் மெஷின் கிளிப்பில் முட்டும்.

குவில்ட் துணியின் அகலம் சுமார் 42 அங்குலம். 3⅓ கஜம் வாங்கி, 58 அங்குலத்துக்கு மேல் இருக்கும்படி இரண்டு துண்டாக வெட்டி, கெட்டிக் கரையை நீக்கிவிட்டு, நீளவாக்கில் இணைத்தால் போதும். இணைப்புத் தையல், ஃபிரேமில் துணியைச் சுற்றும் உருளைக்கு இணையாக, குறுக்காக வரட்டும். செங்குத்தாக வந்தால் சுற்றச் சுற்ற அந்த ஒரே இடத்தில் தடிமன் ஏறும், அதன் இருபுறமும் துணி தொய்யும். கெட்டிக் கரையை வெட்டாமல் இணைத்தாலும் துணி அங்கே இழுத்துப் பிடிக்கும்.

மேல்துணியின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். ஓரம் நடுப்பகுதியைவிட நீளமாக இருந்தால் பார்டர் (சுற்று ஓரப் பட்டை) அலை அலையாக நிற்கும். அதை மெஷினால் சரிசெய்ய முடியாது. பார்டரைப் பிரித்து, நடு அளவுக்கு வெட்டித் தைத்த பிறகே ஏற்றுங்கள்.

ஃபிரேமில் ஏற்றுதல்

முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கையை எடுத்ததும் மெஷின் தானாக ஒரு பக்கம் உருண்டால் ஃபிரேம் மட்டமாக இல்லை என்று பொருள். நீங்கள் போடும் ஒவ்வொரு கோடும் அந்தப் பக்கம் இழுபடும்.

உருளைகளில் லீடர் என்ற கெட்டித் துணி பொருத்தியிருக்கும். அதன் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு, அடித்துணியின் நடுவை அதோடு பொருத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் குண்டூசி குத்துங்கள். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். மேல் ஓரம் மெஷினின் கழுத்துக்குள் இருக்கும் உருளைக்கு, கீழ் ஓரம் உங்கள் பக்கம் இருக்கும் உருளைக்கு. ஊசிகளுக்கு இடையே அதிக இடைவெளி விட்டால் துணி அங்கே வளைந்து தொங்கும்.

அதன்மேல் பேட்டிங்கைப் பரப்புங்கள். மெஷினை பக்கவாட்டில் மட்டும் நகரும்படி பூட்டி, பேட்டிங்கின் மேல் ஓரத்தில் ஒரு நேர்கோடு தையுங்கள். மேல்துணியின் விளிம்பை இந்தக் கோட்டோடு ஒட்டி வைத்தால் போர்வை கோணாது. விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே, நீளத் தையலாகத் தற்காலிகத் தையல் போட்டுப் பிடியுங்கள். பின்னால் விளிம்பை மூடித் தைக்கும் பைண்டிங் அதை மறைத்துவிடும். மேல்துணியின் கீழ்ப்பகுதியை உருளையில் மாட்டாமல் முன்னால் தொங்கவிடலாம். முதல் போர்வைக்கு இந்த முறையே எளிது.

இறுக்கத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். துணியை முரசு போல இறுக்கக் கூடாது. அடியிலிருந்து ஒரு விரலால் துணியைத் தூக்கினால், மேலிருந்து மறுகையால் அந்த விரல்நுனியைப் பிடிக்க முடிய வேண்டும். அதைவிட இறுக்கினால் ஊசி வளைந்து தையல் விடுபடும். உருளையிலிருந்து எடுத்ததும் போர்வை சுருங்கும். பக்கக் கிளிப்புகளும் அப்படியே: அடித்துணி தொய்யாமல் நிற்கும் அளவே போதும். கிளிப் போட்டதும் மெஷினை நான்கு மூலைக்கும் ஒருமுறை ஓட்டி, எதிலும் முட்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலும் டென்ஷனும்

மேலும் கீழும் ஒரே நிறத்தில், 40 எண் பாலியஸ்டர் நூலோடு தொடங்குங்கள். டென்ஷன் சற்று பிசகினாலும் கண்ணில் படாது. ஊசி 4.0 அளவு, பல மெஷின்களுக்கு 134 எம்ஆர் வகை. நீளப் பள்ளம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். ஊசி சிறிது திரும்பியிருந்தாலோ, முழுவதும் மேலேறாமல் இருந்தாலோ தையல் விடுபடும். ஒரு பெரிய போர்வைக்கு ஒரு புது ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் பாபின் (அடிநூல்) டென்ஷன்தான் முதலில். பாபின் கேஸை உள்ளங்கையில் வைத்து நூலை மேலே இழுங்கள். கேஸ் எழுந்து நிற்க வேண்டும், கையை விட்டுத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. எழவே இல்லையென்றால் திருகை மிகச் சிறிது இறுக்குங்கள். கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவு போதும். பிறகு மேல் டென்ஷனுக்கு வாருங்கள். பக்கத்துக் கூடுதல் துணியில் வட்டங்கள் தைத்து, அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நேர்கோடு குறையை மறைக்கும்; வளைவுதான் காட்டிக்கொடுக்கும்.

அடியில் கண்ணிமை முடிபோல நூல் நீட்டிக்கொண்டிருந்தால் மேல்நூல் தளர்வாக இருக்கிறது, அல்லது வளைவில் வேகமாக ஓட்டுகிறீர்கள். மேலே பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் அதிக இறுக்கம். அடியில் நூல் கூடுபோலச் சிக்கியிருந்தால் பாபினைக் குறை சொல்லாதீர்கள். மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரவில்லை. மறுபடி கோத்து, தட்டுகளுக்குள் அழுத்தி இழுங்கள்.

தைக்கும்போது

ஊசியை ஒருமுறை இறக்கி ஏற்றி, மெஷினைச் சற்று நகர்த்தி, பாபின் நூலை மேலே இழுத்து எடுங்கள். அதே இடத்துக்குத் திரும்பி, இரண்டு நூலையும் பிடித்தபடி நாலைந்து நுண்தையல் போட்டால் முடிச்சாகிவிடும். முடிக்கும் இடத்திலும் அதேதான். தையல் நீளத்தைச் சீராக வைக்கும் ஸ்டிச் ரெகுலேட்டரை அங்குலத்துக்கு 10 அல்லது 11 தையலில் வையுங்கள். தையல் நீளம் திடீரென மாறினால், அசைவை அளக்கும் சிறு சக்கரத்தில் பஞ்சு சிக்கியிருக்கிறதா, அது ரெயிலைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

கைப்பிடியைத் தளர்வாகப் பிடியுங்கள்; இறுக்கிப் பிடித்தால் கோடு நடுங்கும். கண் ஊசியில் இருக்க வேண்டாம், அது போகவிருக்கும் இடத்தில் இருக்கட்டும். காடாத்துணியில் வளையங்களும் நெளிவுகளும் போட்டுப் பழகுங்கள். சாய்ந்த நேர்கோடு தோற்றத்துக்கு எளிது, கைக்குக் கடினம். அதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். தாளில் அச்சிட்ட கோட்டை லேசர் புள்ளியால் பின்பற்றும் பேன்டோகிராஃப் முறையில் மெஷினின் பின்பக்கம் நின்று ஓட்டுவீர்கள். முதல் போர்வையைக் குறையில்லாமல் முடிக்க அது நல்ல வழி. ரூலர் வைத்துத் தைப்பதானால் கால் அங்குலத் தடிமனுள்ள லாங்ஆர்ம் ரூலர் மட்டுமே. துணி வெட்டப் பயன்படும் மெல்லிய ரூலரின் மேல் ஹாப்பிங் ஃபுட் (ஊசியைச் சுற்றி மேலும் கீழும் குதிக்கும் பாதம்) ஏறிவிடும், ஊசி உடையும்.

18 அங்குல மெஷினில் ஒரு நேரத்தில் தைக்கக் கிடைப்பது 12 அல்லது 13 அங்குலம்தான். தைத்து முடித்ததை உருளையில் சுற்றி அடுத்த பகுதியைக் கொண்டுவர வேண்டும். சுற்றுமுன் இரு பக்க ஓரங்களிலும் தற்காலிகத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றச் சுற்ற உருளை பருக்கும். துணி மெஷின் தட்டில் உரசத் தொடங்கினால் உருளையை உயர்த்துங்கள். துணிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் சரி. அதைவிட உயரமானால் துணி ஊசியோடு சேர்ந்து குதித்துத் தையல் விடும்.

பாபின் மாற்றும்போதெல்லாம் பாபினைச் சுற்றிச் சுழலும் ஹுக்கைச் சுற்றியுள்ள பஞ்சைத் துடைத்து, கையேடு அனுமதித்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் சில தையல் ஓட்டுங்கள். குண்டூசிகளைக் கழற்றுமுன் கையில் டார்ச்சோடு அடிப்பக்கத்தை ஓரம் முதல் ஓரம்வரை பார்த்துவிடுங்கள். விடுபட்ட தையலை ஃபிரேமில் இருக்கும்போதே சேர்ப்பது சில நிமிட வேலை. கழற்றிய பிறகு அதே கோட்டில் மறுபடி ஏற்றுவது மிகக் கடினம்.