ஓபன்எஸ்எஸ்எல் அப்டேட் போட்ட பிறகும் ஓட்டை அடைபடாமல் போவது ஏன்?

ஓபன்எஸ்எஸ்எல் என்பது சர்வருக்குப் போய் வரும் தகவலைக் குறியாக்கம் செய்யும் லைப்ரரி, அதாவது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு. அதில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்படும்போதெல்லாம் திருத்தம் வரும். திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸின் ஆர்டர் சர்வரோ, பீளமேட்டு பம்ப் கம்பெனியின் பில்லிங் சர்வரோ, கதை ஒன்றுதான். ஏபிடி (டெபியன், உபுண்டு லினக்ஸில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) அப்கிரேட் ஓடும், பிழை ஏதும் வராது, ‘முடிந்தது’ என்று திரையை மூடிவிடுவார்கள். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும்.

மாறியது டிஸ்க்கில் உள்ள லைப்ரரி கோப்பு மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், மெயில் சர்வர் எல்லாம் தொடங்கும்போது மெமரியில் ஏற்றிய பழைய லைப்ரரியையே பிடித்திருக்கும். தையல் மெஷின் ஸ்டாண்டில் புது நூல் கோன் வைத்தால் மட்டும் போதுமா? ஊசியில் கோக்கிற வரைக்கும் பழைய நூல்தானே தையலில் ஓடும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். எந்த ப்ராசஸ் எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ரூட்டாக ஓட்டி, ஓபன்எஸ்எஸ்எல்லின் கோப்புகளான லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். ‘டெல்’ என்ற குறி தெரிந்தால், அந்த ப்ராசஸ் நீக்கப்பட்ட பழைய கோப்பில் ஓடுகிறது. டெபியன், உபுண்டுவில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இதே பட்டியலைத் தானே தரும்.

இங்கே இன்னொரு வழுக்கல்: ரீஸ்டார்ட்டுக்குப் பதிலாக ரீலோட் (செட்டிங்கை மட்டும் மறுபடி படிக்க வைப்பது) கொடுப்பது. என்ஜின்எக்ஸில் ரீலோட் செய்தால் மாஸ்டர் ப்ராசஸ் சாகாது. புதிய வொர்க்கர்கள் அதே மாஸ்டரிலிருந்து பிறப்பதால் பழைய லைப்ரரியோடுதான் வருவார்கள். முழு ரீஸ்டார்ட்தான் வழி. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா நேரத்தில் சர்வரைத் தொட வேண்டாம் என்பது நியாயமே. சாதாரணத் திருத்தம் ஞாயிறு வரை பொறுக்கும். ‘ஹை’, ‘கிரிட்டிக்கல்’ என்று அறிவித்த திருத்தத்தை அன்றிரவே போட்டாக வேண்டும்.

அடுத்தது வெர்ஷன் எண்ணைப் பார்த்துக் குழம்புவது. உபுண்டு 22.04-இல் எல்லாத் திருத்தமும் போட்ட பிறகும் ஓபன்எஸ்எஸ்எல் தன்னை 3.0.2, மார்ச் 2022 என்றே சொல்லும். உபுண்டு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய வெர்ஷனுக்குள் கொண்டுவருகிறது. டிபிகேஜி கட்டளை காட்டும் பேக்கேஜ் எண்ணின் வால் பகுதியையும், பேக்கேஜின் சேஞ்ச்லாக்கில் (மாற்றப் பதிவு) சிவிஇ எண்ணையும் (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் அடையாள எண்) பாருங்கள். ‘பழசா இருக்கே’ என்று சோர்ஸை இறக்கி, தனியாகக் கம்பைல் செய்து யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டரில் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. அந்தப் பிரதியை இனி ஏபிடி தொடாது. போட்டவர் வேலை மாறிப் போனால், அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

எந்தச் சர்வரில் எந்த வெர்ஷன் என்ற பட்டியல் கையில் இருக்கட்டும். 2022 நவம்பர் 1 அன்று வந்த 3.0.7 திருத்தம் முதலில் ‘கிரிட்டிக்கல்’ என முன்னறிவிக்கப்பட்டு, வெளியாகும்போது ‘ஹை’ ஆகக் குறைக்கப்பட்டது. அந்த ஓட்டை 3.0.0 முதல் 3.0.6 வரை மட்டும், 1.1.1 வைத்திருந்தவர்களுக்கு அதில் வேலையே இல்லை. அதே 1.1.1-க்கு 2023 செப்டம்பர் 11-ஓடு இலவச ஆதரவு நின்றுவிட்டது என்பதையும் பட்டியலில் எழுதி வையுங்கள்.

சிஸ்டம் லைப்ரரியை மாற்றினால் எல்லாம் மாறிவிடாது. நோட் ஜேஎஸ்ஸின் அதிகாரப்பூர்வ பில்டும், பைத்தானின் ‘கிரிப்டோகிராஃபி’ வீல் கோப்பும் (நேரடியாக நிறுவத் தயாராக வரும் பேக்கேஜ்) ஓபன்எஸ்எஸ்எல்லைத் தங்களுக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கும். அவற்றைத் தனியே அப்டேட் செய்ய வேண்டும். இமேஜ் எனும் அச்சிலிருந்து உருவாகும் டாக்கர் கண்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் பழைய இமேஜ்தான் மறுபடி எழும். பேஸ் இமேஜைப் புதிதாக இறக்கி, கேஷ் இல்லாமல் பில்ட் செய்து, கண்டெய்னரையும் புதிதாக உருவாக்குங்கள்.

கடைசியாக, சாவி. 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் என்ற ஓபன்எஸ்எஸ்எல் ஓட்டை, ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வர் மெமரியைக் கசியவிட்டது. சான்றிதழுக்கு அடிப்படையான ரகசியத் தனிச் சாவியும் அதில் போயிருக்கலாம். 2008-இல் வெளிப்பட்ட, டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல்லில் இருந்த குறையில், ஒரு வகைக்கு வெறும் 32,768 சாவிகளே உருவாகக்கூடியதாக இருந்தது. இப்படிப்பட்ட ஓட்டைகளில் அப்டேட் பாதி வேலைதான். முதலில் திருத்தம், ரீஸ்டார்ட். பிறகு புதிய தனிச் சாவி, அதிலிருந்து புதிய சிஎஸ்ஆர் (சான்றிதழ் கேட்டு அனுப்பும் விண்ணப்பக் கோப்பு), புதிய சான்றிதழ். பழைய சாவியிலிருந்தே சிஎஸ்ஆர் எடுத்தால் சான்றிதழின் தேதி மட்டும்தான் மாறும். புதியது ஓடுவதை உறுதி செய்துகொண்டு பழைய சான்றிதழை ரத்து செய்யச் சொல்லுங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றுவது அதற்குப் பிறகுதான், முன்னாடியே மாற்றினால் புது பாஸ்வேர்டும் அதே வழியில் கசியும்.